பின் இருக்கையில் யார்? டர்பைன் ஹெலிகாப்டர் வாங்கப் போய் நான் கற்றுக்கொண்டவை

ஜெட் எஞ்சின் வகையான டர்பைன் பக்கம் வருவதற்கு முன் ஆறு வருடம் நான் கார் எஞ்சின் போன்ற பிஸ்டன் எஞ்சின் உள்ள ஹெலிகாப்டர்தான் ஓட்டினேன். ராபின்சன் ஆர்44, நான்கு இருக்கை. நல்ல இயந்திரம், இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் வெயில் ஏறிய மத்தியானத்தில், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, மேடான இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சின் எவ்வளவு சக்தி தருகிறது என்று காட்டும் மேனிஃபோல்ட் பிரஷர் முள் எல்லைக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கும். ஹெலிகாப்டர் நிற்கும் கால்களான ஸ்கிட் தரையை விட்டு எழும்பும், எழும்புகிற விதத்திலேயே ‘இதற்கு மேல் கேட்காதே’ என்று சொல்லிவிடும். அப்படி ஒரு நாள் கிளம்பி மேலே வந்த பிறகு, பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி ஹெட்செட்டில், “ஏங்க, இன்னைக்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தானே மேல வந்தோம்?” என்றாள். இயந்திரத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கே தெரிந்துவிட்டது என்பதுதான் என்னை உறுத்தியது. அன்று இரவே தேட ஆரம்பித்தேன்.

தேடல் முடிய இரண்டு வருடம் ஆனது. அதில் முதல் ஆறு மாதம் வீண். எது வேகமாகப் போகும், எது உயரத்தில் நிற்கும், எதில் எத்தனை இருக்கை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். 2005-இல் ஒரு ஏஎஸ்350 பி3 ஹெலிகாப்டர் எவரெஸ்ட் உச்சியிலேயே இறங்கியது என்று படித்ததும் ஒரு மாதம் அதன் பின்னாலேயே அலைந்தேன். என் பழைய பயிற்சியாளர்தான் என்னை நிறுத்தினார். “எவரெஸ்ட்டுக்கா போகப் போறீங்க? முதல்ல உங்க லாக்புக்கை எடுங்க. கடைசி ரெண்டு வருஷத்துல எத்தனை தடவை எல்லா இருக்கையும் நிறைஞ்சுது, எவ்வளவு தூரம் போனீங்க, எண்ணிச் சொல்லுங்க.”

எண்ணினேன். பெரும்பாலான நாள் நானும் மனைவியும் மட்டும். சில நாள் மகள் கூட. நான்கு பேரும் நிறைந்த பயணங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்ததே இல்லை. வருடத்துக்குச் சராசரியாக 80 மணி நேரம். யார் இதை வாங்க நினைத்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு லாக்புக்கைப் பாருங்கள். என்றைக்கோ ஒரு நாள் ஆறு பேரோடு போவோம் என்ற கற்பனைக்காக, மீதி நாளெல்லாம் காலி இருக்கைகளைச் சுமந்துகொண்டு எரிபொருளை எரிக்க வேண்டியிருக்கும். ஆர்44 மணிக்கு 55, 60 லிட்டர் குடிக்கும். அதே ராபின்சனின் டர்பைன் ஹெலிகாப்டரான ஆர்66 ஏறக்குறைய 85 முதல் 90. பெல் நிறுவனத்தின் பழைய டர்பைனான ஜெட்ரேஞ்சர் 100 பக்கம். அதற்கு மேல் போகப் போக ஏறிக்கொண்டேதான் போகும்.

டர்பைன் என்றால் பலம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. ஆர்66-இல் இருக்கும் ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்ஆர்300 எஞ்சின் 300 குதிரைத்திறன் தரக்கூடியது. கிளம்பும்போது ஐந்து நிமிடத்துக்கு 270, தொடர்ந்து ஓட்ட 224 என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பெல் 206பி III ஜெட்ரேஞ்சரில் எஞ்சின் 420, ரோட்டரைச் சுற்றும் கியர்பாக்ஸுக்கு அனுமதித்திருப்பது 317. இது வீணாகக் கிடக்கும் சக்தி இல்லை. காற்று சூடாகி மெலிந்தால் எஞ்சினின் பலம் குறையும். மேலே வைத்திருக்கும் அந்த மிச்சத்திலிருந்துதான் அது குறைந்துகொண்டே வரும். அதனால் சூடான நாளிலும் கியர்பாக்ஸுக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டே இருக்கும். பிஸ்டனில் என் மனைவி உணர்ந்த அந்தத் திணறல் இங்கே வெகு தாமதமாகத்தான் வரும். ஆனால் வராமல் போகாது. கியர்பாக்ஸுக்குப் போகும் முறுக்குவிசையைக் காட்டும் டார்க் மீட்டரில் இடமிருந்தாலும் டர்பைன் வெப்பநிலை, அதாவது டிஓடி, முதலில் எல்லையைத் தொட்டுவிடும் நாட்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் ஹோவர் (காற்றில் ஒரே இடத்தில் நிற்பது) அட்டவணையைப் பார்க்கும் பழக்கத்தை டர்பைன் வந்த பிறகும் நான் விடவில்லை. தரைக்கு அருகில் கிடைக்கும் காற்று மெத்தையின் அணைப்பு இல்லாமல் ஹோவர் செய்ய முடியுமா என்ற எண்ணைத்தான் பார்ப்பேன். தரையை ஒட்டி நிற்க முடியும் என்ற எண்ணை நம்பி, மரங்கள் சூழ்ந்த இடத்தில் இறங்கக் கூடாது.

ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் எழுத இடமில்லை. மனதில் நின்றதை மட்டும் சொல்கிறேன்.

எம்டி 500-இல் உட்கார்ந்த முதல் பத்து நிமிடம் நான் வாங்கிவிட்டேன் என்றே நினைத்தேன். முட்டை வடிவக் கூடு, ஐந்து பிளேடு, குட்டையான ரோட்டர். திசை திருப்பும் பிடியான சைக்ளிக்கை நினைத்தாலே போதும், திரும்பிவிடும். கைக்கு உதவும் ஹைட்ராலிக்ஸே இல்லாமல் அப்படி ஓட்ட முடிகிறது என்பது எனக்கு ஆச்சரியம். பைலட் இடது பக்கம் உட்கார வேண்டும். அதுவும் அரை மணி நேரத்தில் பழகிவிட்டது. தனியாகப் பறப்பவருக்கு இதைவிடச் சந்தோஷமான ஹெலிகாப்டர் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் இறங்கியதும் என் மனைவியைப் பின் இருக்கையில் உட்காரச் சொன்னேன். முழங்காலை மடக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் இருப்பவன் என்னதான் அனுபவித்தாலும், பின்னால் இருப்பவர் இரண்டு மணி நேரம் அப்படி உட்கார மாட்டார்.

என்ஸ்ட்ராம் 480பி வேறு குணம். மூன்று பிளேடு, கனமான ரோட்டர். எஞ்சின் சக்தியைக் குறைத்து, கீழிருந்து வரும் காற்றிலேயே ரோட்டரைச் சுற்ற வைத்து இறங்கும் ஆட்டோரொட்டேஷனைக் காட்டியபோது, கீழே வந்து மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்த பிறகும் ரோட்டரில் சுழற்சி மிச்சம் இருந்தது. நிதானமாக வைக்கலாம். கூடும் விசாலம். மனதுக்குப் பிடித்த ஹெலிகாப்டர். நான் விட்டதற்கு ஒரே காரணம், அதைத் தொட்டுப் பழகிய மெக்கானிக் எனக்கு எட்டும் தூரத்தில் யாரும் இல்லை. 2022 தொடக்கத்தில் நிறுவனம் மூடப்பட்டு, பிறகு வேறு உரிமையாளர் கையில் மறுபடி திறந்ததும் என் யோசனையைக் கூட்டியது. உதிரிபாகம் நாளைக்கும் கிடைக்குமா என்ற கேள்வி, பறக்கும் சுகத்தைவிட முக்கியமாகிவிடும் நாள் வரும்.

ஈசி120-இன் அமைதியும் விசாலமும் இன்னும் கண்ணில் நிற்கிறது. வால் ரோட்டர் கூண்டுக்குள் அடங்கியிருக்கும். குழந்தைகளோ விருந்தாளிகளோ தரையில் நடமாடும் இடத்தில் அதன் அருமை தெரியும். மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகார முள் திசையில் சுற்றுகிறது, அதனால் சக்தி கூட்டும்போது வேறு காலை அழுத்த வேண்டும். 2017-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஐந்து பேரை ஏற்றி வெயிலில் கிளம்பும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டிய இயந்திரம்.

புதிதாக வாங்க வசதி இருப்பவருக்கு ஆர்66-உம் பெல் 505-உம்தான் நேரடிப் போட்டி. ஆர்66 அமெரிக்காவில் சான்று பெற்றது 2010-இல். அதிகபட்ச எடை 1,225 கிலோ. டேங்க்கை முழுதாக நிரப்பினால் 279 லிட்டர், லிட்டருக்கு 0.8 கிலோ என்று வைத்தால் 223 கிலோ. அதற்குப் பிறகும் நான்கு பெரியவர்களுக்கு இடமிருக்கிறது, பின்னால் தனிப் பெட்டி அறையும் உண்டு. ஆர்44-இலிருந்து வருபவருக்குக் கை உடனே பழகிவிடும். 505 கொஞ்சம் பெரியது. உள்ளே தரை மேடு பள்ளமில்லாதது, முள் கருவிகளுக்குப் பதில் திரைகள், கணினி கட்டுப்பாட்டு எஞ்சின். ஸ்டார்ட் செய்வதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். ரோட்டர் மட்டும் பெல்லின் பழைய லாங்ரேஞ்சர் ஹெலிகாப்டரின் பரம்பரை. டர்பைனுக்குப் புதியவருக்கு அந்தக் கணினி எவ்வளவு பெரிய காவல் என்று, அடுத்து நடந்ததைப் படித்தால் புரியும்.

நான் தேடியது பழைய ஜெட்ரேஞ்சர். வடிவமைப்பு 1960-களுடையது, உற்பத்தி 2010 வரை நடந்தது. உலகம் முழுக்க அதைத் தெரிந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். என்னிடமிருந்து முக்கால் மணி நேரத்தில் ஒருவர் இருந்தார், வாழ்க்கை முழுக்க அதையே பிரித்துப் பூட்டியவர். அதுவே எனக்குப் பாதி முடிவு.

விற்பனைக்கு வந்த ஒன்றைப் பார்க்கப் போனோம், நானும் பயிற்சியாளரும் அந்த மெக்கானிக் அண்ணனும். பெயிண்ட் பளபளப்பு, புது இருக்கை உறை. சில வாரமாகப் பறக்கவில்லை என்றார்கள். நான் வலது இருக்கையில், பயிற்சியாளர் இடதில். ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினேன். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் பகுதியான கேஸ் ப்ரொட்யூசரின் சுழற்சி முள் மெதுவாக ஏறியது: எட்டு, பத்து, பன்னிரண்டு. அன்றைய வெயிலுக்கு 15 சதவீதம் வந்த பிறகுதான் த்ராட்டிலைத் திறந்து எரிபொருள் விட வேண்டும். 15-ஐத் தொட்டதும் திறந்தேன். ‘டிக் டிக்’ என்று இக்னிஷன், பிறகு பற்றிக்கொண்ட சத்தம். டிஓடி ஏற ஆரம்பித்தது. அதில் ஒன்றும் தப்பில்லை, எப்போதும் ஏறும். ஆனால் சுழற்சி முள் கூடவே ஏறவில்லை. பேட்டரி சோர்ந்துபோயிருந்தது. காற்று போதாமல் நெருப்பு மட்டும் கூடிக்கொண்டு போனது. 700, 750, 800. “மூடுங்க!” என்று பயிற்சியாளர் சொன்னபோது என் மணிக்கட்டு ஏற்கெனவே த்ராட்டிலை மூடிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டரை மட்டும் விடவில்லை. எரிபொருளை நிறுத்தினாலும் காற்றை ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் உள்ளே சூடு தணியும். முள் 860 பக்கம் போய் நின்று, பிறகு இறங்கியது.

அந்த எஞ்சினுக்கு ஸ்டார்ட்டின்போது 810-ஐத் தாண்டினால் 927 வரை பத்து நொடிக்கு அனுமதி. 927-ஐ ஒரு நொடிக்கு மேல் தொட்டால் டர்பைனைப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். எங்களுடையது மூன்று, நான்கு நொடிக்குள் முடிந்தது, எல்லைக்குள்தான். ஒன்றும் கெடவில்லை. ஆனால் நாங்கள் இறங்கி லாக்புக்கில் குறித்துவிடலாம் என்றதும், விற்க வந்தவர், “சார், லிமிட்டுக்குள்ளதானே, எதுக்கு எழுதணும்?” என்றார். அந்த ஒரு கேள்வியில் என் மனம் மாறிவிட்டது. இன்று எழுத வேண்டாம் என்பவர், நான் இல்லாத நாட்களில் எதையெல்லாம் எழுதாமல் விட்டிருப்பார்?

இருந்தாலும் வந்ததுக்குப் பார்த்துவிடுவோம் என்று மெக்கானிக் அண்ணன் பதிவுகளை விரித்தார். ஹெலிகாப்டரில் இதுதான் உண்மையான ஆய்வு. ஆயுள் வரம்புள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு அட்டை உண்டு: எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த இயந்திரத்திலிருந்து வந்தது, எப்போது மாற்றியது. அவர் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு, அட்டையில் இருக்கும் சீரியல் எண்ணை இயந்திரத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். வால் ரோட்டர் பிளேடு ஒன்றில் எண் பொருந்தவில்லை. விரலில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு அந்தத் தகட்டைத் துடைத்து, என்னைக் குனிந்து படிக்கச் சொன்னார். படித்தேன். அட்டையில் இருந்தது வேறு. “எழுதினவன் தப்பா எழுதியிருக்கலாம் தம்பி. இல்ல, பிளேடே வேறயா இருக்கலாம். எதுன்னு நிரூபிக்க முடியலைன்னா இது எத்தனை மணி ஓடுச்சுன்னு யாருக்கும் தெரியாது. தெரியாத மணிக்கு மதிப்பு பூஜ்யம்” என்றார். பளபளப்பான பெயிண்டை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

வாங்கப் போகிறவர்கள் அந்த ஆய்வுக்கு விற்பவரின் ஆளை நம்ப வேண்டாம். உங்கள் மெக்கானிக், நாளைக்கு உங்கள் இயந்திரத்தைப் பார்க்கப் போகிறவர், அவரையே கூட்டிப் போங்கள். எஞ்சினுக்குள் போரோஸ்கோப் என்ற மெல்லிய கேமரா குழாயை விட்டு கம்ப்ரஸர் பிளேடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கடலோரம் வாழ்ந்த இயந்திரம் என்றால் அரிப்பை முதலில் தேடுங்கள். எஞ்சின் தரவேண்டிய பலத்தைத் தருகிறதா என்ற பவர் செக்கைப் பறந்தபடி எடுங்கள். மணி நேரத்தை மட்டும் பார்க்காமல் எத்தனை ஸ்டார்ட் என்றும் பாருங்கள். டர்பைன் சக்கரங்களுக்கு ஒவ்வொரு ஸ்டார்ட்டும் ஒரு கணக்கு. சுற்றுலாவுக்கு ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகப் பறந்த இயந்திரத்தில் மணி குறைவாகவும் தேய்மானம் கூடுதலாகவும் இருக்கும்.

நேரம் ஓடாவிட்டாலும் காலண்டர் ஓடும் என்பதைச் சொந்தக்காரர்கள் பலர் வாங்கிய பிறகுதான் உணர்கிறார்கள். ஆர்66-க்கு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது முழு ஓவர்ஹால், அதாவது மொத்தமாகப் பிரித்துப் புதுப்பிப்பது. 2,000 மணியைப் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும் என்றால் வருடத்துக்கு 166 மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். என்னைப் போல 80 மணி பறப்பவர் 12 வருடத்தில் 960 மணியில் நிற்பார், அப்போதும் முழு ஓவர்ஹால்தான். ஜெட்ரேஞ்சரில் அப்படி மொத்தமாக ஒரே நாளில் வராது. ஒவ்வொரு பாகமும் தன் தன் கணக்கில் வரும். பிளேடுகளைத் தலையோடு பிடித்து வைக்கும் டென்ஷன்-டார்ஷன் ஸ்ட்ராப்புக்கு 1,200 மணி அல்லது 24 மாதம். நான் இரண்டு வருடத்தில் 160 மணி ஓட்டியதும் அதைக் கழற்றிப் போட வேண்டும். மனது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த இழையில்தான் என் குடும்பம் தொங்குகிறது. இரண்டு வழியில் எது சரி என்பதற்கு ஒரே பதில் இல்லை. பெரிய தொகையை ஒரு நாளில் எதிர்கொள்வது பிடிக்குமா, சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருப்பது பிடிக்குமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு உண்மையில் எத்தனை மணி பறக்கிறோம் என்ற எண்ணைப் பொய் சொல்லாமல் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

காப்பீட்டையும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். என் டர்பைன் மணி நேரம் பூஜ்யம் என்றதும், பயிற்சியாளரோடு பறந்து முடிக்க வேண்டிய மணிகளை அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் அது மாறியது.

நான்காவதாகப் பார்த்த ஜெட்ரேஞ்சரை வாங்கினேன். பெயிண்ட் மங்கல், இருக்கை உறை பழசு. ஆனால் முதல் நாளிலிருந்து ஒரே கையெழுத்துப் போல ஒழுங்கான பதிவுகள். ஒரு பக்கத்தில், ‘ஸ்டார்ட் டிஓடி 830, 2 நொடி, பேட்டரி மாற்றப்பட்டது’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். சொந்தக்காரர் மோதலைத் தாங்கும் எரிபொருள் டேங்க்கும் போட்டு வைத்திருந்தார். பழைய இயந்திரம் பார்ப்பவர்கள் அதைக் கட்டாயம் கேளுங்கள். அமெரிக்காவில் புதிதாகக் கட்டும் ஹெலிகாப்டர்களுக்கு 2020-இலிருந்துதான் அது கட்டாயம் ஆனது. பழையவற்றில் தானாக இருக்காது. விழுந்த பிறகு உயிர் பிழைத்தவரைத் தீ கொண்டுபோகக் கூடாது.

பிஸ்டனிலிருந்து வந்த என் கைகளுக்குப் பழக நாளான விஷயம் ஒன்று உண்டு. ஹெலிகாப்டரை மேலே தூக்கும் பிடியான கலெக்டிவைச் சடாரென்று இழுத்தால் எஞ்சின் உடனே வராது. சுழற்சி கூட ஒரு கணம் எடுக்கும், அதற்குள் ரோட்டர் வேகம் தளரும். அதனால் இறங்கும்போது முன்கூட்டியே, கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை வர வைக்க வேண்டும். இதைப் பழகிய பிறகுதான் நான் இறங்க வரும் விதமே அழகானது என்று நினைக்கிறேன். ஜெட்ரேஞ்சரைப் போன்ற இரட்டை பிளேடு ரோட்டரில் மூக்கை வெடுக்கென்று தள்ளி எடையற்ற நிலைக்குப் போகக் கூடாது, ரோட்டர் தலை அதைத் தாங்கும் தண்டான மாஸ்ட்டை இடித்துவிடும். ஆர்66-க்கும் இதே விதி. குலுக்கும் காற்றில் வேகத்தைக் குறைத்துவிடுவேன். கீழே யாரையாவது சுற்றிப் படமெடுக்கிறேன் என்று மெதுவாக, இடது பக்கக் காற்றில் மிதப்பதை விட்டுவிட்டேன். வால் ரோட்டர் பிடி நழுவும் இடம் அது.

மற்றபடி இதன் சுகத்தை எப்படிச் சொல்வது? ஹோவரிலிருந்து முன்னே சாய்ந்து, ஒரு சின்ன நடுக்கத்தைக் கடந்து, காற்று ரோட்டரைத் தாங்கிக்கொள்ளும் அந்த நொடியில் டார்க் முள் இறங்கும், உயரம் ஏறும். எரிபொருள்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் பிடி இல்லை, கார்புரேட்டர் பனியைப் பற்றிய கவலை இல்லை. மாலையில் ஆயிரம் அடியில், நிதானமான வேகத்தில், ஆற்றின் வளைவைப் பின்தொடர்ந்து போகும்போது கையில் வெறும் இரண்டு விரல் போதும். வேகமான இயந்திரம் வாங்கியிருந்தால் சீக்கிரம் வீடு திரும்பியிருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இறங்கிய பிறகு எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது. ஐடிலில், அதாவது குறைந்த வேகத்தில், இரண்டு நிமிடம் ஓட விட்டு, உள்ளே சூடு சமமானதும்தான் த்ராட்டிலை மூட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்துக்கு யாரும் பெல்ட்டைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. என் மகள் பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, ஹெட்செட்டில் சத்தமாக எண்ணுவாள். நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது, “நூத்தி இருபது! இப்ப மூடுப்பா.”